கைபேசியும் தூணில் விழுந்த விரிசலும்

ரோலர் கோஸ்டரில் ஏறியவர் கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பதைப் பெரும்பாலான பூங்காக்கள் ஒழுங்கு மீறலாக மட்டுமே பார்க்கின்றன. அறிவிப்புப் பலகை, ஆபரேட்டரின் எச்சரிக்கை, கேட்காவிட்டால் வெளியேற்றம் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அது பராமரிப்புப் பிரிவின் கணக்கிலும் வர வேண்டியது. கையிலிருந்து நழுவும் பொருள் டிராக்கில் விழலாம், பிரேக்கிலோ சென்சாரிலோ போய்ச் சிக்கலாம், பின்னிருக்கையில் இருப்பவர் முகத்திலும் அடிக்கலாம்.

200 கிராம் எடையுள்ள கைபேசி 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட, மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஓடும் ரைடில் உயரமே தேவையில்லை. முன்வரிசையில் நழுவிய பொருளின் வேகத்தைக் காற்று குறைத்துவிடும். பின்வரிசையோ முழு வேகத்தில் அதை நோக்கி வரும். ஸ்பெயினின் போர்ட் அவெஞ்சுரா பூங்காவில் 2019இல் ஷாம்பாலா ரைடில் முன்னாலிருந்து பறந்து வந்த கைபேசி ஒன்றைப் பின்னால் இருந்தவர் எட்டிப் பிடித்தார். அந்தக் காட்சி உலகெங்கும் பரவி அவருக்குப் பாராட்டு குவிந்தது. இத்துறையில் இருப்பவர்கள் அதை வேறு கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அந்தக் கை அரை அடி தள்ளியிருந்தால் கைபேசி யாரோ ஒருவர் நெற்றியில் பட்டிருக்கும்.

பொருள் பறப்பது ஒரு ரைடின் வடிவமைப்பையே வீணாக்கிய நிகழ்வும் உண்டு. ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் 1999இல் திறக்கப்பட்டு, பின்னாளில் டிராகன் சேலஞ்ச் என்று பெயர் மாற்றப்பட்ட ரைடின் சிறப்பே, இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று நோக்கிப் பாய்ந்து அரை மீட்டர் இடைவெளியில் விலகிச் செல்வதுதான். 2011இல் பறந்து வந்த பொருள்கள் பட்டுப் பயணிகள் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரோடு இரு ரயில்களையும் ஒரே நேரத்தில் அனுப்புவது நிறுத்தப்பட்டது. 2017இல் ரைடு மூடப்படும்வரை அந்தப் பாய்ச்சல் திரும்பவில்லை.

செல்ஃபி ஸ்டிக் இதைவிட ஆபத்தானது. பயணி கையையும் காலையும் முழுதாக நீட்டினாலும் தூணிலோ கூரையிலோ படாத அளவுக்கு ரயிலைச் சுற்றி இடைவெளி விட்டுத்தான் ரைடு வடிவமைக்கப்படுகிறது. கையோடு ஒரு மீட்டர் குச்சி சேர்ந்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். டிஸ்னி பூங்காக்கள் 2015இல் அதை முற்றாகத் தடைசெய்தது முறையான முடிவு.

விழுந்த பொருளைத் தேடிப் போவது இன்னொரு ஆபத்து. அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 2015இல் ஒருவர் தொலைந்த கைபேசியைத் தேடி வேலி தாண்டிப் போய், ராப்டர் ரைடின் ரயில் மோதி இறந்தார். கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2024இல் பான்ஷீ ரைடின் கீழே அதே போன்ற மரணம். அங்கே தொலைந்தது சாவி. இரண்டும் பயணிகளின் கால்கள் தொங்கும் ரைடுகள். இத்தகைய ரைடுகளில் டிராக் தலைக்கு மேலே இருந்தாலும் கால்கள் தாழ்வாக வரும் என்பது பார்வையாளருக்குத் தோன்றாது. பொருள் தொலைந்தால் எங்கே சொல்ல வேண்டும், எப்போது திருப்பித் தரப்படும் என்பதை ரைடின் வெளிவாசலிலேயே எழுதி வைத்தால் வேலி தாண்டும் எண்ணம் குறையும். வேலியின் உயரத்தைக் கூட்டுவது மட்டும் போதாது.

படம் பிடிப்பவரைக் கேமராவில் கண்டதும் ஆபரேட்டர் ரயிலை ஏற்றத்திலேயே நிறுத்துகிறார். அது சரியான செயல். ஆனால் ஒரு நாளில் இப்படிப் பலமுறை நிறுத்தி, மீட்டமைத்து, மறுபடி ஓட்டும் குழுவுக்கு நிறுத்தம் என்பதே சில்லறைத் தொல்லையாகிவிடும் அபாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று ஸ்மைலர் ரைடில் நடந்த விபத்துக்குக் கைபேசி காரணமில்லை; நிறுத்தத்தை நம்பாததுதான் காரணம். காலியாக அனுப்பிய சோதனை ரயில் டிராக்கிலேயே நின்றுபோனது. பாதுகாப்பு அமைப்பு அதை உணர்ந்து, பின்னால் 16 பேருடன் வந்த ரயிலை நிறுத்தியது. டிராக் காலிதான், கோளாறு கணினியில் என்று நினைத்த பொறியாளர்கள் தடையை மீறி ரயிலை விட்டார்கள். இரண்டு இளம்பெண்கள் கால் இழந்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணத்தை லாக் புக்கில் எழுதி, டிராக்கைக் கண்ணால் பார்த்த பிறகே ரயிலை விடும் வழக்கம் இருந்தால், கைபேசிக்காக நிறுத்தியதும் உண்மையான கோளாறும் ஒன்றாகக் குழம்பாது.

காலைப் பரிசோதனையில் விழுந்த பொருள்களைத் தேடுவதற்குத் தனி இடம் வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் டிராக்கின் மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் அணைக்கும் சக்கரம், அடியில் நின்று ரயில் மேலெழாமல் தடுக்கும் சக்கரம் என மூன்று வகை உண்டு. அவற்றின் பாலியூரித்தேன் உறையில் கண்ணாடிச் சில்லு பதிந்திருக்கிறதா என்று விரல் ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்டின் மேல் இழுத்த பெயின்ட் கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்கும் அதே கண், பிரேக் தகடுகளுக்கு இடையே கிடக்கும் கைபேசி உறையையும் தேட வேண்டும். கண்டெடுத்த பொருள் எந்தத் தூணருகே கிடந்தது என்று குறித்துவைத்தால், வலை எங்கே கட்ட வேண்டும் என்பது ஒரே சீசனில் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கேரோவின்ட்ஸ் பூங்காவில் உள்ள ஃப்யூரி 325, 99 மீட்டர் உயரமும் மணிக்கு 153 கிலோமீட்டர் வேகமும் கொண்ட ரோலர் கோஸ்டர். 2023 ஜூன் 30 அன்று அதன் தாங்குதூண் ஒன்று முழுதாக விரிசல் விட்டு, ரயில் கடக்கும்போது விலகி அசைவதைத் தரையில் நின்ற பார்வையாளர் ஒருவர் படம் பிடித்துத் தெரிவித்தார். அதன் பிறகே ரைடு மூடப்பட்டது. தினசரிப் பரிசோதனை நடந்துவந்த ரைடு அது. சில நாட்களுக்கு முன் எடுத்த படத்திலும் விரிசல் தெரிந்தது. தூண் மாற்றப்பட்டு ஆகஸ்டில் ரைடு மறுபடி ஓடியது. எட்ட முடியாத இடங்களை இனி கேமரா பொருத்திய டிரோன் கொண்டு பார்ப்போம் என்று பூங்கா அறிவித்தது.

ரைடில் இருப்பவர் கையில் கேமரா கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. இலவச லாக்கரும் இருக்கையில் ஜிப் வைத்த பையும் கொடுக்காமல் தடை மட்டும் போடும் பூங்கா அதைச் செயல்படுத்த முடியாது. நினைவுக்குப் படம் வேண்டும் என்பவருக்கு ரயிலிலேயே உறுதியாகப் பொருத்திய கேமராவின் பதிவைக் கொடுக்கலாம். அந்தப் பொருத்துதலும் மற்ற போல்ட்டுகளைப் போலத் தினசரிப் பட்டியலில் இருக்க வேண்டும். தரையில் நின்று எடுத்த படத்தோடு ஒருவர் வந்தால், வாயில் காவலரோ டிக்கெட் கவுன்டரோ அவரைத் திருப்பி அனுப்பாமல் பராமரிப்புப் பொறுப்பாளரை உடனே அழைக்க வேண்டும். அடுத்த சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு பூங்காவும் அந்தப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை எல்லா ஊழியர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.