கரையில் கிடக்கும் கணக்கும் பூட்டிக் கிடக்கும் கணினியும்

கற்பிட்டிக் குடாநாட்டின் கரை நெடுகிலும் கேத்திரகணிதம் விரிந்து கிடக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கும் கருவியோ, வகுப்பறைக்கு அடுத்த அறையில் பூட்டிக் கிடக்கிறது. இந்நிலைக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்கும் உரிமை தமிழ் பேசும் மக்களுக்கு உண்டு. கேட்டே தீரவேண்டிய கடமையும் உண்டு.

அண்மையில் புத்தளம் மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அதன் பெயரைச் சொல்லேன். குறை ஒரு பாடசாலையின் குறையன்று. கணித ஆசிரியை ஒருவர் தம் மாணவர்க்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார். அன்றாட வாழ்வில் காணும் வடிவங்களைத் தேடிப் படம் பிடிக்க வேண்டும். அப்படங்களைக் கணினியில் ஏற்றி, அவற்றின்மேல் கோடு வரைந்து, நீளத்தையும் கோணத்தையும் அளந்து காட்டவேண்டும். பிள்ளைகள் வீட்டுக் கைப்பேசிகளில் படங்களைக் கொணர்ந்துவிட்டனர். ஆனால் கணினி அறையின் திறப்பு வரவில்லை. பழுதானால் திருத்த ஆளில்லை என்னும் அச்சமே காரணமாம். இறுதியில் பிள்ளைகள் கொப்பியிலே பென்சிலால் வரைந்தனர்.

அப்பிள்ளைகள் கொணர்ந்தவை யாவை? உப்பளத்துப் பாத்திகளின் செவ்வகம். கரைவலை வளைந்து கிடக்கும் வில். அதன் மடியின் கூம்பு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டையின் நாற்கோணம். மாம்புரிக் காற்றாலையின் மூன்று சிறகுகள். பாடநூலைத் திறவாமலே பாடநூலின் பாதியை அவர்கள் கொணர்ந்துவிட்டனர்.

“இது விளையாட்டு, பரீட்சைக்கு உதவாது” என்பர் சிலர். இவ்வாதத்தைச் சற்றே சோதிப்போம். 80 மீற்றர் நீளமான வரப்பைக் கொண்டு ஒரு பாத்தி அமைக்கவேண்டும் எனக் கொள்வோம். நீளம் 30, அகலம் 10 என அமைத்தால் பரப்பளவு 300 சதுர மீற்றர். பக்கத்துக்கு 20 எனச் சதுரமாக்கினால் 400 சதுர மீற்றர். வரப்பு அதேதான், பரப்பளவோ மூன்றிலொரு பங்கு மிகுகிறது. உப்பளத் தொழிலாளியின் மகன் இதைக் கணினித் திரையில், பக்கங்களை இழுத்தும் சுருக்கியும் தன் கண்ணாலேயே காண்பானாயின், சுற்றளவு வேறு, பரப்பளவு வேறு என்பதைச் சாகும்வரை மறப்பானா? பரீட்சைக்கு உதவாதது இதுவோ, பொருள் தெரியாமல் நெட்டுருச் செய்த சூத்திரமோ?

மேல்நாட்டார் இவ்வுண்மையை என்றோ உணர்ந்தனர். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பெர்ட்டும் அவர்தம் தோழர்களும் சிறுவர்க்கென ‘லோகோ’ என்னும் கணினி மொழியை ஆக்கினர். பின்னர் அதிலே ஓர் ஆமை வந்து சேர்ந்தது. “100 அடி முன்னே போ, 120 பாகை திரும்பு” என மூன்று முறை கட்டளையிட்டால் அந்த ஆமை சமபக்க முக்கோணி வரையும். 90 பாகையாக நான்கு முறை திரும்பினால் சதுரம். 60 பாகையாக ஆறு முறை திரும்பினால் அறுகோணி. எப்படித் திரும்பினும் கூட்டுத்தொகை 360 பாகையே. மாம்புரிக் காற்றாலையின் சிறகுகளுக்கு இடையே உள்ள கோணமும் அதே 120 பாகைதான். கடலாமையை நேரிற் காணும் கரையிலே பிறந்த பிள்ளைக்கு இந்த ஆமையைக் காட்டுவது அத்துணைக் கடினமோ?

“கணினிக்கு ஆங்கிலமே மொழி, தமிழில் ஆகாது” என்பது அடுத்த வாதம். இதுவும் நில்லாது. ‘எழில்’ என்னும் நிரல்மொழி தமிழ்ச் சொற்களாலேயே கணினிக்குக் கட்டளையிட வகைசெய்கிறது. ஆங்கிலத்தை நாம் வெறுக்கவில்லை. அதையும் நம் பிள்ளைகள் கற்கட்டும். ஆயின் ஆங்கிலம் வரும்வரை கணிதம் வாசலில் காத்து நிற்கவேண்டும் என்பது நீதியாகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் எதன் வாயிலாகவும் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. தமிழும் தேசிய மொழி. கல்வியில் யாவர்க்கும் சமமான வாய்ப்பு என்பதை 27ஆம் உறுப்புரை அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடாக வைத்தது; வைத்துவிட்டு, அக்கோட்பாடுகளைக் கொண்டு நீதிமன்றம் ஏற முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்தியது. எனினும் 12ஆம் உறுப்புரையின் சமத்துவம் அடிப்படை உரிமை. அது உயர் நீதிமன்றம் ஏறும். தாய்மொழியில் கல்வி உண்டு, ஆனால் கருவி இல்லை. கருவி உண்டு, ஆனால் திறப்பு இல்லை என்றால், அது எழுத்திலே தந்து கையிலே மறுப்பதாகும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாற்று. நாட்டுக்கே ஒளியூட்டும் இக்கரையின் பிள்ளை, இருண்ட திரைமுன் நிற்பதா? இத்துன்பம் தமிழ் மொழிமூலப் பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மீனவரின் பிள்ளைக்கும் இதே உரிமை வேண்டும். ஆயினும் தன் மொழியிற் பயிற்றப்பட்ட ஆசிரியரும் தன் மொழியில் அமைந்த மென்பொருளும் இல்லாத பிள்ளைக்குச் சுமை இரட்டிப்பு.

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. கணினி அறைக்கு நாடா வெட்டிய நாளில் மாலையோடு சென்ற நாம், மறு ஆண்டு அந்த அறை திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சென்றோமா?

நாம் வேண்டுவன மூன்றே. வாரத்தில் இத்தனை மணி நேரம் கணினி அறை திறந்திருக்கும் என்பது நேரசூசியில் எழுதப்படவேண்டும். புத்தளம், சிலாபம் கல்வி வலயங்களின் கணித ஆசிரியர்க்குத் தமிழிலேயே இப்பயிற்சி தரப்படவேண்டும். பழுதுபார்க்கும் செலவை ஆசிரியர் தலையில் சுமத்தாது, கல்வி நிர்வாகமே ஏற்கவேண்டும்.

பெற்றோர்களே! அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இம்மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் பெறுங்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்குப் பாடசாலையின் வாயிலைத் திறந்தது. உள்ளே இருக்கும் அறையின் பூட்டைத் திறக்கவேண்டியது நம் தலைமுறையின் பொறுப்பு.