ஜோடியாகத் தரையிறங்கும் விமானங்கள்.. 750 அடி இடைவெளி போதுமா? கண்ணுக்குத் தெரியாத ஆபத்து என்ன?

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் அக்கம்பக்கமாகப் பறந்து வந்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தரையிறங்கும் வீடியோவைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும். இறக்கையோடு இறக்கை உரசிவிடுமோ என்ற பயம்தான் முதலில் வரும். ஆனால், விமானிகள் கவலைப்படும் இன்னொரு ஆபத்து கேமராவில் சிக்காது. அது காற்றில் இருக்கிறது. அதன் பெயர் 'வேக் டர்புலன்ஸ்'.

வேக் டர்புலன்ஸ் என்றால் என்ன?

பறக்கும் விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆனால், இறக்கையின் நுனியில் கீழே இருக்கும் காற்று மேல்பக்கமாகச் சுருண்டு ஏறும். இப்படி இரண்டு நுனிகளிலிருந்தும் கிளம்பும் சுழல்கள், விமானம் போன வழியெல்லாம் நீண்டு கிடக்கும். படகு போன பிறகும் தண்ணீரில் அலை அடங்க நேரம் ஆகும் இல்லையா, அதுபோலத்தான்.

விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவாகப் பறக்கிறதோ, சுழல் அவ்வளவு வலுவாக இருக்கும். சின்ன விமானம் இதில் மாட்டினால் ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். தரைக்குப் பக்கத்தில் அதைச் சரிசெய்ய உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது.

எத்தனை கி.மீ. இடைவெளி விட வேண்டும்?

ஒரே ஓடுபாதைக்கு வரிசையாக வரும் விமானங்களுக்கு, எடையைப் பொறுத்து இடைவெளி உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் எடைப் பிரிவுகளின்படி, 136 டன் அல்லது அதற்கு மேல் இருப்பது 'ஹெவி' ரகம். அதற்குப் பின்னால்,

* ஏ320 போன்ற நடுத்தர விமானம் வந்தால் 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கி.மீ.
* 7 டன்னுக்கு உட்பட்ட சிறிய விமானம் என்றால் 6 கடல் மைல், சுமார் 11 கி.மீ.

முன்னால் போவது ராட்சத ஏ380 என்றால், நடுத்தர விமானம் 7 கடல் மைல், சுமார் 13 கி.மீ. தள்ளி வர வேண்டும்.

அப்படியென்றால் 750 அடி எப்படிப் போதும்?

சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டு இணை ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 750 அடிதான், சுமார் 229 மீட்டர். இணை ஓடுபாதைகள் 2,500 அடிக்குள் இருந்தால், சுழல் விஷயத்தில் இரண்டையும் ஒரே ஓடுபாதையாகக் கருத வேண்டும் என்பது அமெரிக்காவின் அடிப்படை விதி. காரணம், சுழல் ஒரே இடத்தில் நிற்காது. கீழே இறங்கும், காற்றடித்தால் பக்கவாட்டிலும் நகரும். மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் வீசும் லேசான பக்கவாட்டுக் காற்றே ஒன்றரை நிமிடத்தில் அதைப் பக்கத்து ஓடுபாதைக்குத் தள்ளிவிடும்.

இங்கேதான் ஒரு ஆச்சரியம். சுழலைப் பொறுத்தவரை, சரியாக ஜோடி சேர்ந்து வருவதுதான் பாதுகாப்பு. ஒரு விமானத்தின் சுழல் அதற்குப் பின்னால்தான் இருக்கும். அது பக்கத்துப் பாதைக்கு நகர்ந்து வருவதற்குள், ஜோடி விமானம் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். ஒன்று பின்தங்கினால்தான் சிக்கல். முன்னால் போன பெரிய விமானத்தின் சுழல், பின்தங்கியதன் வழியில் வந்துவிடலாம். அதனால்தான், கண்ணால் பார்த்து இப்படி நெருக்கமாக இறங்கும்போது 'ஹெவி' விமானம் பக்கத்து விமானத்தை முந்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

மேகம் மூடினால்?

'பக்கத்து விமானம் தெரிகிறது' என்று விமானி சொன்னால்தான் இந்த ஜோடி முறை நடந்து வந்தது. அதன் பிறகு இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதாக இருந்தது. அந்த முறையில், தெளிவான நாளில் மணிக்கு சுமார் 60 விமானங்கள் இங்கே இறங்க முடிந்தது. மேகம் ரொம்பத் தாழ்ந்துவிட்டால், இது சுமார் 30 ஆகக் குறைந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மேகம் மூடியதற்கு, வேறு ஊரில் விமானம் கிளம்பாமல் பயணிகள் காத்திருந்தது இதனால்தான்.

கண்ணால் பார்த்தால் போதுமா?

1993 டிசம்பர் 15. கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ஒரு சிறிய பிசினஸ் ஜெட், போயிங் 757 விமானத்துக்குப் பின்னால் தரையிறங்க வந்தது. வானிலை தெளிவாகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்து இறங்கவே அனுமதி தரப்பட்டிருந்தது. ஆனால் இடைவெளி சுமார் 2 கடல் மைல்தான். அதோடு, 757 வந்த பாதைக்குக் கீழேயே ஜெட் வந்தது. சுழலும் கீழ்நோக்கித்தான் இறங்கும். ஜெட் புரண்டு விழுந்ததில் அதில் இருந்த 5 பேரும் உயிரிழந்தனர்.

அப்போது 757 'ஹெவி' ரகத்தில் இல்லை. இந்த விபத்துக்குப் பிறகே அதற்குப் பின்னால் வரும் விமானங்களுக்கான இடைவெளியை அமெரிக்கா அதிகரித்தது. முன்னால் போகும் விமானம் கண்ணுக்குத் தெரியும், அது விட்டுச்சென்ற சுழல் தெரியாது. ஜோடி முறையிலும் விமானி சமாளிக்க வேண்டியது இதைத்தான்.

பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியது

தரையிறங்கப் போன விமானம் திடீரென மீண்டும் மேலே ஏறினால் பதற வேண்டாம். இதற்கு 'கோ-அரவுண்ட்' என்று பெயர். முன்னால் போகும் விமானத்துடன் இடைவெளி குறைந்துவிட்டாலும் இப்படிச் செய்வார்கள். 15 நிமிடம் தாமதமாகலாம், அவ்வளவுதான். சுழல் சொல்லிக்கொண்டு வராது என்பதால், விமானம் முழுதாக நிற்கும்வரை சீட் பெல்ட்டைக் கழற்றாமல் இருப்பது நல்லது.