கெர்னலும் சாஸ்திரமும்

நமது நாட்டில் ஏதாவது ஒரு பழைய வழக்கத்தைக் காட்டி, "இதனால் மனிதனுக்குக் கஷ்டம் உண்டாகின்றதே, இதைத் திருத்தக் கூடாதா?" என்று ஒருவன் கேட்பானானால், அந்தக் கஷ்டம் உண்மையா பொய்யா என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "கேட்பதற்கு நீ யார்? உன் பாட்டன் முப்பாட்டனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதோ? ரிஷிகள் சொன்னதில் பிழை இருக்குமோ?" என்றுதான் பதில் வருகின்றது. அதாவது, சொல்லப்பட்ட சங்கதியை விட்டுவிட்டு, சொன்னவனுடைய பிறப்பையும் வயதையும் படிப்பையும் விசாரிப்பதே நம்மவர்களுடைய நியாய விசாரணையாக இருந்து வருகின்றது. இப்படி விசாரிக்கின்ற பெரியவர்களில் அநேகர் இன்று சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறார்கள். பஞ்சாங்கம் பார்ப்பதும் அதில்தான். ராகுகாலம் பார்ப்பதும் அதில்தான். அந்தப் போனுக்குள் இருந்து வேலை செய்வது எது, அது எப்படி நாளுக்கு நாள் திருத்தப்பட்டு வருகின்றது என்பதைச் சற்று எடுத்துச் சொல்லலாமென்று நினைக்கின்றோம்.

போனானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி, நாம் கண்ணால் பார்க்கும் புரோகிராம்களுக்கெல்லாம் அடியில் ஒரு புரோகிராம் இருக்கின்றது. அதற்குக் கெர்னல் என்று பெயர். ஒரே சமயத்தில் நூறு புரோகிராம்கள் யந்திரத்தைத் தனக்கு வேண்டும் என்று கேட்கும். எதற்கு எவ்வளவு நேரம், எதற்கு எவ்வளவு நினைவகம், எது எந்தக் கோப்பைத் தொடலாம், எது தொடக் கூடாது என்றெல்லாம் தீர்மானிப்பது கெர்னலின் வேலை. ஏரிப் பாசனத்தில் மடை திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியின் வேலை என்று வைத்துக் கொள்ளலாம். நீர்க்கட்டி கண்ணயர்ந்தால் ஒருவன் வயல் காயும், மற்றொருவன் வயல் அழுகும். மடை கெட்டவன் கைக்குப் போனாலோ ஊரே போய்விடும்.

ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் என்கின்ற கெர்னல். உலகத்திலேயே மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் 2017 நவம்பர் முதல் லினக்ஸே இருந்து வருகின்றது. 2021இல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனியூட்டி என்ற சிறு ஹெலிகாப்டரிலும் லினக்ஸ்தான். செவ்வாய் தோஷமென்று சொல்லிப் பெண்களின் கல்யாணத்தை நிறுத்தி வைக்கின்றவர்கள் இந்தக் கடைசிச் சங்கதியைக் கவனிப்பார்களாக.

இதை அருளியது எந்த ரிஷியும் அல்ல. பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த தோழர் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் 1991இல் இதை ஆரம்பித்தார். அப்போது ஏறக்குறைய 10,000 வரிகள். இன்று ஏறக்குறைய 4 கோடி வரிகள். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வருகின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000த்துக்கு மேற்பட்ட மாறுதல்கள். இந்த மாறுதல்களில் பல முன்னே செய்யப்பட்டதில் இருந்த பிழைகளைத் திருத்துவனவாகும். லினக்ஸ் பிழையற்றது என்று அதைச் செய்கின்றவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக் கொள்வதில்லை என்பதை வாசகர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும்.

அங்கே ஒரு வரியை மாற்ற வேண்டுமென்று ஒருவன் நினைத்தால், எது பழுது, ஏன் பழுது, எப்படித் திருத்துகிறேன் என்பதை எழுதி, திருத்தத்தையும் உடன் அனுப்ப வேண்டும். அதற்குப் பேட்ச் என்று பெயர். தெரிந்தவர்கள் அதைப் பகிரங்கமாய்ப் பரீட்சை செய்கிறார்கள். தப்பைக் கண்டால் முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள். 2004 முதல், எழுதியவனும் அதை வாங்கி மேலே அனுப்புகின்ற ஒவ்வொருவனும் கையெழுத்திட்டாக வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய பிழையைத் திருத்துவதாயிருந்தால், அந்தப் பிழை முன்னே எந்த மாறுதலால் நுழைந்தது, அதைக் கண்டு சொன்னவர் யார், சோதித்துப் பார்த்தவர் யார் என்பதும் அதிலேயே எழுதப்படுகின்றது. மனுவின் பேரால் வழங்குகின்ற சாஸ்திரத்தில் எந்தச் சுலோகத்தை எவன் எந்தக் காலத்தில் நுழைத்தான் என்று கையெழுத்துக் காட்ட எந்தப் பண்டிதராலாவது முடியுமா? கையெழுத்துப் போடாமல் எழுதி வைத்த வரிகளுக்காக எத்தனை தலைமுறை மனிதர்கள் தெருவில் நடக்கக் கூடாதவர்களாய், குளத்தில் இறங்கக் கூடாதவர்களாய் இருந்தார்கள்!

பிழையைத் தேடும் விதத்தைப் பாருங்கள். பழைய பதிப்பில் வேலை செய்தது புதுப் பதிப்பில் வேலை செய்யவில்லை; நடுவில் 10,000 மாறுதல்கள் நடந்திருக்கின்றன; குற்றவாளி எது? நடு மாறுதலில் நிறுத்திச் சோதிப்பது. அங்கே வேலை செய்தால் குற்றம் பின்பாதியில், இல்லையானால் முன்பாதியில். மிஞ்சியதை மறுபடியும் பாதியாக்குவது. இப்படியே போனால் 14 சோதனைகளுக்குள் 10,000த்தில் ஒன்று கையில் அகப்பட்டுவிடும். இதற்கு வேண்டியது பாண்டித்தியமல்ல. "வேலை செய்கின்றது, வேலை செய்யவில்லை" என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுகின்ற யோக்கியப் பொறுப்பு ஒன்றுதான். அகப்பட்டது பெரிய நிபுணருடைய மாறுதலாக இருந்தாலும், சாஸ்திர ரீதியாக அது சரிதான் என்று அவர் நூறு சமாதானம் சொன்னாலும், அதனால் ஒரு சாதாரண மனிதனுடைய புரோகிராம் நின்றுபோயிற்று என்றால் அந்த மாறுதல் எடுக்கப்பட வேண்டுமென்பது லினக்ஸின் முதல் விதி. கஷ்டப்படுகிறவன் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு! நமது கோயில்களையும் குடும்பங்களையும் நடத்துகின்றவர்கள் இந்த ஒரு விதியைக் கடன் வாங்குவார்களானால் நமக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

நிற்க, "இதெல்லாம் அந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தானே" என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் தோழர் கான் கொலிவாஸ் என்று ஒருவர். அவர் தொழில், ஆப்பரேஷனுக்கு முன் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் தொழில். கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவரல்ல. புரோகிராம் எழுதத் தாமாகவே கற்றுக் கொண்டவர். பெரிய யந்திரங்களுக்கு ஏற்றபடி கெர்னல் நேரத்தைப் பங்கிடுவதனால் வீட்டில் வைத்து உபயோகிக்கும் கம்ப்யூட்டர் திணறுகின்றது என்று கண்டு, எல்லாப் புரோகிராம்களுக்கும் சமமாய் நேரத்தைப் பங்கிடும் ஒரு முறையை எழுதிக் காட்டினார். 2007இல் அவருடைய முறையை எடுத்துக் கொள்ளாமல், தோழர் இங்கோ மோல்னார் என்கின்ற முதிர்ந்த நிபுணர் அதே கருத்தின்மேல் தாமாக எழுதிய வேறொன்றைச் சேர்த்துக் கொண்டார்கள். சமப் பங்கீடு சாத்தியமென்று நிரூபித்தவர் கொலிவாஸ் என்பதை மோல்னார் மறைக்கவில்லை. எழுத்திலேயே ஒப்புக் கொண்டார். ஆனாலும் கொலிவாஸ் மனம் கசந்து விலகிப் போனார். கௌரவத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு வேலையைத் தன்னிடமே வைத்துக் கொள்வது நமக்குத் திருப்தியாகத் தோன்றவில்லை. ஆயினும், மயக்க மருந்து டாக்டர் சொன்ன கருத்து என்பதற்காக அது தள்ளப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மோல்னாருடைய முறையும் சிரஞ்சீவியல்ல. 2023இல் அதை எடுத்துவிட்டு வேறொரு முறையை வைத்துவிட்டார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

இனி, பிழை பெரிதாகவும் செய்தவர் பெரியவராகவும் இருக்கும்போது என்ன நடக்கின்றது என்பதைப் பார்ப்போம். 2016 அக்டோபரில் தோழர் பில் ஓஸ்டர் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்ட பிழைக்கு "டர்ட்டி கௌ" என்று பேரிட்டார்கள். அழுக்குப் பசு என்று அர்த்தமானாலும் அதற்கும் பசுவுக்கும் சம்பந்தமில்லை, கோமாதா பக்தர்கள் கோபிக்க வேண்டாம். அது ஓர் ஆங்கிலச் சொற்சுருக்கம். சங்கதி இதுதான்: கணக்குப்பிள்ளையின் சிட்டாவை எல்லாரும் பார்க்கலாம், யாரும் எழுதக் கூடாது என்று வைத்துக் கொள்ளுங்கள். எழுத வேண்டுமென்கின்றவனுக்கு ஒரு நகல் கொடுக்கப்படும்; அவன் கிறுக்குவதெல்லாம் அந்த நகலோடு போகும். ஆனால், நகல் கொடுத்ததற்கும் அவன் பேனா அதில் படுவதற்கும் இடையிலுள்ள கண்ணிமைக்கும் நேரத்தில் அவனே அந்த நகலைத் தூர எறிந்துவிட்டால், பேனா அசல் சிட்டாவிலேயே போய் விழுந்தது! ஓர் அதிகாரமும் இல்லாதவன் இப்படி யந்திரம் முழுமைக்கும் எஜமானனாகிவிட முடிந்தது. 2007இல் வெளியான பதிப்பு முதல் இந்த ஓட்டை இருந்து வந்திருக்கின்றது.

திருத்தத்தை எழுதியவர் டோர்வால்ட்ஸ். அந்தத் திருத்தத்தோடு சேர்த்து, உலகமே படிக்கக் கூடிய பதிவில் அவர் என்ன எழுதினார்? இந்தப் பிழையைப் பதினொரு வருஷங்களுக்கு முன் தாமே ஒருமுறை திருத்தப் பார்த்ததாகவும், அதை மோசமாகச் செய்ததாகவும், வேறொரு வகை யந்திரத்தில் அது தொல்லை கொடுத்ததால் வாபஸ் வாங்கப்பட்டதாகவும், ஏட்டளவில் மட்டுமே சாத்தியம் என்றிருந்த ஆபத்து இப்போது சுலபமாய் நேரக் கூடியதாகிவிட்டது என்றும் எழுதினார். அதோடும் முடியவில்லை. அடுத்த வருஷம் 2017 நவம்பரில், அந்தத் திருத்தத்திலேயே ஒரு குறை இருப்பதை வேறு சிலர் கண்டு சொன்னார்கள், அதையும் திருத்தினார்கள். எந்த மடாதிபதியாவது, எந்தச் சங்கராச்சாரியாவது, "இதை நான் மோசமாகச் செய்தேன்" என்று தன் பீடத்திலிருந்து எழுதி வைத்ததுண்டா என்று கேட்கின்றோம்.

நமது தேசத்திலோ, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுகிறார்கள். வாசலில் பூசணிக்காய் உடைக்கிறார்கள். 2007 முதல் 2016 அக்டோபர் வரை பத்து ஆயுத பூஜைகள் வந்து போயின. பத்துச் சூடத்தையும் வாங்கிக் கொண்டு, ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. காரணம் எழுதாத ஒரு வரி மாறுதலைத் திருப்பி அனுப்புகின்ற அதே இஞ்சினீயர், வீட்டில் ஜோசியன் காரணமில்லாமல் சொல்லும் மாறுதலுக்குத் தட்சணை கொடுத்து ஒப்புக் கொள்ளுகிறார். அறிவை ஆபீசிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகின்ற இந்தப் படிப்பைப் பற்றி நாம் அதிகம் சொல்ல விரும்பவில்லை.

இவ்வளவும் சொல்வதால் லினக்ஸை ஒரு புதுக் கோயிலாக்கும் உத்தேசம் நமக்குக் கடுகளவும் இல்லை. "மூலம் திறந்திருக்கின்றது, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஆகவே பிழை தங்காது" என்று ஒரு புது வேதவாக்கியம் கிளம்பியிருக்கின்றது. டர்ட்டி கௌ ஒன்பது வருஷம் திறந்த வெளியில்தான் கிடந்தது. கோயில் கதவு திறந்திருக்கின்றது என்று சட்டம் சொன்னதனாலேயே எல்லாரும் உள்ளே போய்விட்டதாக அர்த்தமாகுமா? பார்க்க உரிமை இருப்பது வேறு; பார்ப்பதற்கு ஆளும் நேரமும் கூலியும் இருப்பது வேறு. புதிதாக ஒன்று செய்கிறவனுக்குக் கிடைக்கும் பேர், பழையதைப் படித்துப் பார்த்துப் பழுது நீக்குகிறவனுக்குக் கிடைப்பதில்லை. கட்டியவன் பேரைக் கல்வெட்டில் வெட்டுவதும், தூர் வாரியவன் பேரை மறந்துவிடுவதும் எல்லாத் தேசத்துக்கும் பொதுவாகவே இருக்கின்றது.

அன்றியும், டோர்வால்ட்ஸ் வெகு காலம் வாய்த் துடுக்குள்ளவராயிருந்தார். 2012 டிசம்பரில் கெர்னலின் ஒரு பகுதியைப் பராமரித்து வந்த ஒருவர், பழுது உபயோகிக்கின்றவனுடைய புரோகிராமில்தான் என்று சொன்னதற்காக, அவரை எல்லாரும் பார்க்கும்படி ஆபாசமாகத் திட்டினார். சொன்ன நியாயம் சரி. சொன்ன விதம் அயோக்கியத்தனம். பிழையைக் காட்டுவதற்கு ஒருவனுடைய மானத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அந்தத் திட்டுக்குப் பயந்து எத்தனை இளைஞர்கள், எத்தனை பெண்கள் கையிலிருந்த திருத்தத்தை அனுப்பாமலே இருந்துவிட்டார்களோ, அதற்குப் பதிவு கிடையாது. 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போது ஏற்பட்டன. இருபத்தேழு வருஷம் கழித்து வந்ததானாலும் வரவேற்கின்றோம்.

ஆனால் 2024 அக்டோபரில் நடந்ததை நம்மால் வரவேற்க முடியவில்லை. கெர்னலின் பகுதிகளைப் பராமரிக்கின்றவர்களின் ஜாபிதாவிலிருந்து ரஷ்யாவோடு சம்பந்தப்பட்ட ஏறத்தாழ ஒரு டஜன் பேருடைய பெயர்கள் ஒரே மாறுதலில் எடுக்கப்பட்டன. அமெரிக்க சர்க்கார் தடை விதித்திருக்கும் கம்பெனிகளில் வேலை செய்கின்றவர்களுக்கே இது பொருந்தும் என்று பின்னால் வேறொருவர் விளக்கம் சொன்னார். அது உண்மையானால், பிறந்த தேசத்துக்காக அல்ல, உத்தியோகம் பார்க்கும் இடத்துக்காக என்று ஆகின்றது. சட்டத்துக்குப் பயந்து செய்ததென்றாவது வைத்துக் கொள்ளலாம். ஆனால் ஆட்சேபித்தவர்களுக்கு டோர்வால்ட்ஸ் கொடுத்த பதிலில், தாம் பின்லாந்துக்காரர் என்பதை ஒரு காரணமாக எடுத்துக் காட்டினார். பிழையைப் பார், ஆளைப் பார்க்காதே என்று முப்பது வருஷம் நடத்திக் காட்டிய இடத்தில் பிறப்பு எங்கிருந்து வந்தது? யுத்தம் நடத்தியது அவர்கள் தேசத்து சர்க்கார். அந்த டஜன் பேர் எழுதிய வரிகளில் பழுதிருந்ததாக அந்த மாறுதலில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரே ஒரு வரியை மாற்றுவதற்குக்கூட ஏன், எதனால் என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகின்றவர்கள், இதற்கு எழுதிய காரணம், பலவிதமான சட்டத் தேவைகள் என்பதுதான். போதிய ஆதாரம் காட்டினால் திரும்பி வரலாமென்றும் அதில் கண்டிருந்தது. எந்தச் சட்டம், எந்த ஆதாரம், யாரிடம் காட்டுவது என்பது அதில் எழுதப்படவில்லை.