தோட்டக் குறிப்பு: கல்லின் மேல் ஒரு பச்சைப் பாய்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சித்திரை மாதத்தில் ஜன்னல் ஓரத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வெயிலும் சுண்ணாம்புப் புழுதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் பாளம் பாளமாக வெடித்த கரிசல். மறு பக்கம் தோண்டிக் குவித்த வெள்ளைக் கல். இந்தப் பிரதேசத்தில் பருத்தி விளைகிறது, மக்காச்சோளம் விளைகிறது, சிமெண்டும் விளைகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வீட்டு வாசலில் பச்சைப் பசேலென்று ஒரு தரை விளையுமா?

விளையும் என்று சொல்வதற்கு முன், நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எங்கள் வீட்டு முன்றில் இருபதடிக்குப் பத்தடி. வெறுந்தரையாக விட்டிருந்தோம். காற்று அடித்தபோதெல்லாம் மண் எழுந்து கூடத்துக்குள் வந்தது. என் தாயாருக்கு இரைப்பு உண்டு. ஆடி மாதம் முழுவதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க நேர்ந்தது. ஆகவே புல்தரை போட்டோம். புல்லுக்கோ தினந்தோறும் தாகம். கோடையில் வாளி கிணற்றின் அடியைத் தட்டும் ஓசை கேட்டதும், "குடிக்கிற ஜலத்தைப் புல்லுக்குக் கொட்டுகிற வீடு உருப்படுமா?" என்று தாயார் ஒரே கேள்வி கேட்டார். மறு வாரமே புல்லுக்குத் தண்ணீர் நின்றது. மறு மாதம் புல்லும் நின்றது.

பிறகு ஒரு செடிக் கடையில், தண்ணீரே வேண்டாத செடி என்று சொல்லி ஸீடம் என்ற சீமைச் செடியைக் கொடுத்தார்கள். இதன் ஆங்கிலப் பெயருக்குக் ‘கல்லில் விளைவது’ என்பது பொருள். ஐரோப்பாவில் பாறை இடுக்கிலும் பழஞ்சுவரிலும் கூரை மேலும்கூடப் படர்ந்து, குண்டு குண்டான சிற்றிலைகளால் தரையை மூடிவிடும் செடி. கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லையே என்று ஆசையோடு நட்டேன். சித்திரை வெயிலில் பாதி வாடிற்று. ஐப்பசி மழையில் மீதி அழுகிற்று.

குற்றம் செடியுடையதன்று. காரணத்தை அறிய, இருநூறு வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் நம் நாட்டில் இலையைத் தின்று பார்த்த விநோதத்தை அறிய வேண்டும். பெஞ்சமின் ஹைன் என்பவர் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர சாஸ்திரியாக இருந்தவர். ஸீடத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நடுப்பகலில் சப்பென்றிருந்தது, மாலையில் சற்றே கசந்தது. இதை 1813-ம் வருஷம் லண்டனில் ஒரு கடிதமாக எழுதினார்.

அந்தப் புளிப்பின் ரகசியம் வெகு காலம் கழித்தே விளங்கிற்று. மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. அப்போது ஈரமும் வெளியேறிவிடுகிறது. இந்தக் குடும்பத்துச் செடிகளோ, பகலில் கதவைச் சாத்திவிட்டு இராக் குளிர்ச்சியில் திறக்கின்றன. வாங்கிய வாயுவைப் புளிப்பாகச் சேர்த்துவைத்து, மறு நாள் வெயிலில் உணவாக்கிக்கொள்கின்றன. சிக்கனமான குடித்தனம்தான். ஆனால் இராக்காலம் குளிர்ந்திருக்க வேண்டும். உதகையிலும் கொடைக்கானலிலும் அது கிடைக்கும். அரியலூரின் சித்திரை இரவில் கிடைப்பது வெந்நீர்க் காற்று. அத்துடன், மழை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரிசல் மண்ணும் சேர்ந்தால் வேர் என்ன செய்யும்?

விடையை வெளியூரில் தேடிக்கொண்டிருந்தேன். அது கிணற்றடிக் கல் இடுக்கிலேயே கிடந்தது. பருப்புக்கீரை, கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். அதன் தங்கை சிறுபசலை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்ட பத்துமணிப்பூவும் இவர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரிதான். பருப்புக்கீரை பகலில் கடும் வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளும். வறட்சி வந்தால் ரணகள்ளியைப் போல் இராக் கணக்கும் வைத்துக்கொள்ளும். இரண்டு வித்தையும் கற்ற செடி உலகில் மிக அபூர்வம்.

வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். கரிசலாக இருந்தால் நான்கு அங்குல உயரம் மேடு கட்டுங்கள். மண்ணோடு மணலும் உடைத்த செங்கல் பொடியும் சரிபாதி கலக்கவும். மக்கிய எரு ஒரு கூடை போதும். எரு மிகுந்தால் தண்டு கொழுக்கும், பூ குறையும். மூன்று நான்கு அங்குலத் தண்டுகளைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, அரையடிக்கு ஒன்றாக நடவும். வாடவிடுவது வெட்டுவாய் ஆறுவதற்காக, அவசரப்பட்டால் அழுகும். வேர் பிடித்த பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இரண்டு மூன்று மாதத்தில் பாய் விரித்துவிடும். மிதித்தால் தாங்காது, நடக்கும் இடத்தில் பட்டைக் கற்கள் பதித்துவிடுங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒரு தொட்டியில் கொஞ்சம் நட்டுத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அடைமழை தரையில் உள்ளதைக் கொண்டுபோனாலும் விதைச் செடி வீட்டிலிருக்கும்.

ஆள் மாறாட்டத்துக்கும் இடமுண்டு. சாரணை கிட்டத்தட்ட இதே சாயலில் படரும். ஆனால் அதன் இலை ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. தண்டைக் கிள்ளினால் பால் வடியும் தரைப்பூண்டும் ஒன்று உண்டு. அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பருப்புக்கீரையில் பால் வராது. துவரம்பருப்போடு கடைந்தால் இளம் புளிப்போடு ருசியாக இருக்கும். சிறுநீரகக் கல் உபாதை உள்ளவர்கள் மட்டும் தவிர்ப்பது நல்லது.

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர் என்ற கிராமத்தில் கல்லாய்ப் போன ஒரு மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முற்பட்டது. நீளம் 18 மீட்டர். 1940-ல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். கடலும் மரமும் கல்லான ஊர் இது. இங்கே கல்லோடு சண்டை போட்டு ஜயிக்க முடியாது. கல்லோடு வாழத் தெரிந்ததை நட்டு வளர்ப்பதுதான் வழி.

சாலையில் லாரி கிளப்பும் புழுதியைப் பசலை தடுக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்கள் வாசல் மண் அடங்கிவிட்டது. சென்ற ஆடியில் தாயார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குப் பூக்கள் விரிந்ததும், "இதற்கு எத்தனை குடம் ஊற்றினாய்?" என்று கேட்டார். அந்த வாரம் ஒரு குடமும் ஊற்றவில்லை என்றேன். இந்தத் தடவை மறு கேள்வி வரவில்லை.