உலக்கை பிடித்த கைகளும் தேர்வு செய்யட்டும்

ஒரு சாமை ரகம் நல்லதா என்பதை ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற ஒரே கணக்கில் முடித்துவிட முடியாது. மலைச்சரிவில் சாயாமல் நிற்குமா, தாளை மாடு தின்னுமா, உமி லேசில் பிரியுமா என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. கல்வராயன் மலையில் சாமை பயிரிடும் மலையாளிப் பழங்குடியினரின் வீடுகளில் கடைசிக் கேள்வியின் கனம் பெண்களின் தோளில்தான் விழுகிறது. அதே சமூகத்தினர் வாழும் கொல்லிமலையில் நடந்ததைப் பாருங்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவப் பரவ, சாமை நிலம் சுருங்கியது. மரவள்ளி தரும் பணம் ஒரு காரணம். உரலில் சாமையைக் குத்தியே ஓய்ந்த கைகள் இன்னொரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அளவில் உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. விதையை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தேவை கண்ணில் பட்டிருக்காது.

ரகத் தேர்வு நிபுணர்களின் வேலை, அனுபவத்தை அறிவியலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சிலர் சொல்வார்கள். சோதனை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. எதைச் சோதிப்பது என்பதில்தான் வழக்கு. 1990-களில் மேற்கு இந்தியாவின் மானாவாரிப் பகுதிகளில் விவசாயிகள் கையிலேயே பல நெல் ரகங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் விரும்பியது கலிங்கா-3. அந்த மாநிலங்களின் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லாத ரகம் அது. வறட்சி முற்றுவதற்குள் கதிர் முற்றிவிடும் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இப்படிச் செய்தால் காலமும் செலவும் கூடும் என்பது இன்னொரு தடைவாதம். கூடும்தான். ஆனால் வெளியிட்ட பிறகு யாரும் விதைக்காத ரகத்துக்கு ஆன செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் சிறுதானியங்களுக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் மகத்துவ மையம் இருக்கிறது. கல்வராயன் மலைக்கு அது தொலைவில்லை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சரிவுகளிலேயே சோதனைத் துண்டுகள் அமையட்டும். பெண்கள் மதிப்பெண் போடட்டும். அந்த நாட்களுக்கு அவர்களுக்குக் கூலியும் தரப்படட்டும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் பாரம்பரிய ரகங்களை உழவர் பெயரில் பதிய இடம் தருகிறது. ஒரு ரகம் உருவாகத் துணைநின்ற ஊர்ச் சமூகம் அதற்கான பங்கைக் கோரவும் வழி வைத்திருக்கிறது. அந்தப் படிவங்களைத் தமிழில் நிரப்பித் தரும் ஒரு ஊழியராவது வெள்ளிமலையில் உட்கார வேண்டும்.