தற்சுழற்சி ஆராய்ச்சியும் பயன் வினாவும்

பௌதிக சாஸ்திரம் பயிலும் நம் இளைஞர் சிலர், ஓர் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டவுடன், "இதனாற் பயன் யாது?" என்று வினவுகின்றனர். வினா தகாததன்று, பிறர் பொருளால் நடைபெறும் ஆராய்ச்சியை அவ்வாறு வினவுதல் எவர்க்கும் உரியதே. ஆயினும் அதற்கு விடை கூறும் முறையிலே பிழை உளதென்பது எம் கருத்து. குறைகடத்திகளில் எலெக்ட்ரானின் தற்சுழற்சியைப் பற்றிய வரலாறு இதற்குச் சான்றாகும்.

எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் தன்னச்சிற் சுழல்வது போன்ற இயல்புடைய மிகச் சிறிய காந்தமாகும். பூமியிலிருக்கும் நமக்கு ஞாயிறு சுற்றுவதாகத் தோன்றுமாறு போல, எலெக்ட்ரானின் நிலையினின்று நோக்கின், மின்னேற்றமுடைய அணுக்கருவே அதனைச் சுற்றுவதாகும். சுற்றும் மின்னேற்றம் காந்தப்புலத்தை விளைக்குமாதலின், அப்புலம் இச்சிறு காந்தத்தைத் திருப்ப முயல்கின்றது. இதுவே தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பு. இவ்வாறு கணக்கிட்டபோது விடை, அளந்தறிந்ததினும் இருமடங்காய் வந்தது. 1926-ஆம் ஆண்டில் தாமஸ் என்பார் சார்பியற் கொள்கையைச் செவ்வனே கையாண்டு அம்மிகையை நீக்கினார். வகுப்பறையிற் கதை பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடுகின்றது.

ஆனால் 1960-இல் ராஷ்பா என்னும் சோவியத் அறிஞர், அமைப்பில் ஒருபுறமும் மறுபுறமும் ஒவ்வாத படிகங்களில், வெளிக்காந்தம் யாதுமின்றியே, இயங்கும் எலெக்ட்ரான்களின் ஆற்றல் தற்சுழற்சிக்கேற்ப இரண்டாகப் பிரியும் எனக் காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1990-இல், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்துச் சுப்ரியோ தத்தாவும் பிஸ்வஜித் தாஸும் இதனைக்கொண்டு ஒரு கருவியைக் கருதினர். இரும்பினின்று ஒரே திசைத் தற்சுழற்சியுடைய எலெக்ட்ரான்களைக் குறைகடத்தியின் மெல்லிய படலத்துட் செலுத்துக. மேலிருக்கும் மின்வாயின் அழுத்தத்தை மாற்றுக. செல்லும் வழியிலே தற்சுழற்சி திரும்பும். மறுகோடியிலுள்ள இரும்போடு அஃது ஒத்தால் மின்னோட்டம் மிகும், மாறுபட்டாற் குறையும். ஈரலைகள் கூடியும் தணித்தும் நிற்கும் குவாண்டம் நிகழ்ச்சியே இது.

டிரான்ஸிஸ்டருக்கு மாற்று வந்ததென்று ஆரவாரித்தாரும் உளர். மின்வாயினாற் பிணைப்பை மாற்றலாமென்பதை 1997-இல் ஜப்பானில் நிட்டா குழுவினர் மெய்ப்பித்தனர். ஆனால் 2000-ஆம் ஆண்டில் ஒரு தடை தெளிவாயிற்று: இரும்பு மின்சாரத்தை எளிதிற் கடத்தும், குறைகடத்தி அவ்வாறு கடத்தாது, இவ்வேற்றுமையால் ஒருதிசைத் தற்சுழற்சி எல்லையைக் கடவாமலே பெரிதும் அழிகின்றது. இடையில் மெல்லிய தடுப்பை வைத்து எலெக்ட்ரான்களை ஊடுருவிச் செல்லவிடலாமென்று அவ்வாண்டே வழி கூறியவர் யாவர்? நாற்பதாண்டுக்கு முன் தொடங்கிவைத்த அந்த ராஷ்பாவே! 2009-இல் கொரியாவிற் கூ முதலியோர், எதிர்பார்த்த ஏற்றத்தாழ்வைக் கடுங்குளிரிற் கண்டனர். கடைத்தெருவிற்கோ அக்கருவி வந்திலது.

இதனைத் தோல்வியென்பாரோடு யாம் உடன்படோம். இப்பிணைப்பு மிக்க பாதரச டெல்லூரைடுப் படலத்தில், உட்பகுதி மின்சாரத்தை மறுக்க, ஓரங்களில் மட்டும் எதிரெதிர்த் தற்சுழற்சிகள் எதிரெதிர்த் திசையிற் செல்லும் என 2006-இல் ஸ்டான்போர்டிற் கணித்தனர். மறு ஆண்டே ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வகத்தார் அளந்து கண்டனர். இத்தகைய அறிவு விலைபோகுங்கருவிக்காகக் காத்திருப்பதன்று. பொருள் வேண்டிக் கருவியை முன்கூட்டியே விற்பதைத்தான் யாம் கடிகின்றோம். கருவி வராதபோது கொடுத்தவர் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவர். பின்வரும் இளைஞர்க்குக் கதவு அடைபடும்.

தத்தாவும் தாஸும் எழுதிய கட்டுரையின் தலைப்போ மிக அடக்கமுடையது. ஒளியியற் கருவியொன்றற்கு எலெக்ட்ரான் ஒப்புமை என்பதே அதன் பொருள். டிரான்ஸிஸ்டர் என்னும் சொல் அதில் இல்லை. கட்டுரையும் மூன்று பக்கமே. தாமஸின் கணக்கை முடித்த மாணவர் அதனை நூலகத்திற் கேட்டு வாங்கிப் படிப்பாராக.