பாதிச் சரித்திரமும் பச்சைப் பிள்ளைகளும்

அமெரிக்க தேசத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், தாய் தகப்பன்மார்களே வீட்டில் வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் சென்ற நாற்பது ஐம்பது வருஷ காலமாகப் பெருகி வந்திருக்கின்றது. 1999-ல் அந்நாட்டு சர்க்கார் எடுத்த கணக்குப்படி இவ்விதம் வீட்டில் படித்த பிள்ளைகள் சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பேர். 2012-ல் அது சுமார் 18 லட்சமாக ஆயிற்று. 50 மாகாணங்களிலும் இதற்குச் சட்ட சம்மதம் உண்டு. டெக்சாஸ், ஐடஹோ போன்ற மாகாணங்களிலோ, "என் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறேன்" என்று சர்க்காருக்கு ஒரு கடிதம்கூட எழுத வேண்டியதில்லை. எந்தப் புஸ்தகத்தைப் படிப்பிக்கிறாய் என்று வாசற்படி ஏறிக் கேட்பாரும் இல்லை.

இப்படிச் செய்கிறவர்கள் எல்லோரும் மதப் பித்துக் கொண்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளையின் வியாதிக்காக வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் சரியில்லை என்று வைத்திருப்பவர்கள் உண்டு. கடவுள் நம்பிக்கையே இல்லாத பெற்றோர்களும் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கு இல்லை. ஆனால், இந்த வழக்கத்தை மும்முரமாகப் பரப்பி, அதற்கென்று சங்கங்கள் கண்டு, கோர்ட்டுக் கச்சேரிகளில் வாதாடி, புஸ்தக வியாபாரத்தைப் பெரும் தொழிலாக நடத்தி வருகின்றவர்கள் பெரும்பாலும் தீவிரக் கிறிஸ்தவ பக்தர்களேயாவார்கள். அவர்கள் "கிறிஸ்தவ சரித்திரம்" என்பதாக வீட்டில் கற்பிக்கும் பாடத்தைப் பற்றியே நாம் இங்கு பேசுகின்றோம்.

இந்தப் பாடம் வெறும் புஸ்தகப் பாடம் அல்ல. பிள்ளைகள் மேஜைமேல் துப்பட்டியைப் போர்த்தி அதற்கடியில் தவழ்ந்து, ரோமாபுரிக் கல்லறைச் சுரங்கத்தில் ஒளிந்த ஆதிக் கிறிஸ்தவர்களைப் போல் மீன் படம் வரைய வேண்டும். 1517-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி மார்ட்டின் லூதர் 95 வாதங்களை எழுதிக் கோயில் கதவில் அறைந்ததாகச் சொல்லப்படும் கதைக்காக, ஒரு காகிதச் சுருளை வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். 1620-ல் கப்பலேறி வந்த யாத்ரீகர்களைப் போல் காகிதத் தொப்பி வைத்துக் கொள்ள வேண்டும். கலர்க் காகிதத்தைக் கத்தரித்து மாதா கோயில் ஜன்னல் செய்ய வேண்டும். வருஷக் கிரமமாகப் படங்கள் ஒட்டிய நீண்ட காகிதம் சுவரில் தொங்கும். ஆதி சிருஷ்டியில் ஆரம்பித்து, எல்லாம் கர்த்தருடைய சித்தப்படியே நடந்து வந்து தங்கள் வீட்டு வாசலில் முடிகின்ற மாதிரி அது இருக்கும்.

முறையைப் பற்றி நாம் குறை சொல்லவில்லை. வாயால் மனப்பாடம் செய்ததை விடக் கையால் செய்து பார்த்தது பிள்ளை மனதில் நன்றாய்ப் பதியும். வேலை முடிந்து வந்த களைப்போடு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் கத்தரிக்கின்ற தாயின் சிரத்தையை நாம் பரிகாசம் செய்ய மாட்டோம். ஆனால், நன்றாய்ப் பதியும் என்பதனாலேயே, எதைப் பதிய வைக்கின்றாய் என்று கேட்க வேண்டியது அவசியமாகின்றது. ஆணி நல்ல ஆணிதான். எதில் அடிக்கிறாய் என்பதல்லவா சங்கதி?

லூதரின் காகிதத்தைக் கதவில் ஒட்டும் பிள்ளைக்கு, அதே லூதர் 1525-ல் கொடுமை பொறுக்காமல் எழும்பிய குடியானவர்களை வெட்டிக் கொல்லும்படி பிரபுக்களைத் தூண்டி எழுதினார் என்பதைச் சொல்லுகின்றார்களா? 1543-ல் யூதர்களுடைய ஜெபாலயங்களையும் வீடுகளையும் கொளுத்த வேண்டும் என்று ஒரு புஸ்தகமே எழுதி வைத்தார் என்பதைச் சொல்லுகின்றார்களா? கால்வினை மகா பக்தராகப் படிக்கும் பிள்ளைக்கு, 1553-ல் அவருடைய ஜெனீவா நகரத்தில், திரித்துவத்தை ஒப்புக் கொள்ளாத குற்றத்திற்காக மைக்கேல் செர்வீட்டஸ் என்னும் வைத்தியர் உயிரோடு கொளுத்தப்பட்டதற்கும், அதற்குக் கால்வினே ஆதரவாக நின்றதற்கும் படம் வரையச் சொல்லுகின்றார்களா? சுரங்கத்துக்குத் துப்பட்டி வேண்டும், லூதருக்குக் காகிதச் சுருள் வேண்டும்; செர்வீட்டசைக் கொளுத்திய விறகுக்கு மாத்திரம் காகிதம் கிடைக்கவில்லையா?

1620-ல் கப்பலில் வந்தவர்கள் மத சுதந்திரத்திற்காக வந்தார்கள் என்று பிள்ளைகள் காகிதத் தொப்பியோடு ஒப்பிக்கின்றார்கள். அதே கடற்கரைக்கு அதற்குப் பத்து வருஷம் கழித்து வந்து பாஸ்டன் நகரத்தைக் கண்ட பியூரிட்டன் பக்தர்கள், 1660 ஜூன் 1-ந் தேதி மேரி டயர் என்ற ஸ்திரீயைத் தூக்கிலிட்டார்கள். அவள் செய்த குற்றம் என்ன? குவேக்கர் என்னும் வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்து, ஊரைவிட்டுத் துரத்திய பிறகும் திரும்பி வந்ததுதான். 1692-ல் அதே மாகாணத்தின் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிழவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தங்களுக்குச் சுதந்திரம் கேட்டு ஓடி வந்தவர்கள் பிறருக்குத் தூக்குக் கயிறு கொடுத்தார்கள் என்பதல்லவா பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம்?

அடிமை வியாபாரத்தை 1807-ல் இங்கிலாந்து ஒழித்ததற்கு வில்பர்போர்ஸ் என்ற கிறிஸ்தவர் பாடுபட்டார் என்று சொல்லிக் கொடுக்கின்றார்கள். மெய்தான், அவருக்கு உரிய புகழை நாம் மறுக்கவில்லை. ஆனால், அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற தகராறிலே, "ஆகலாம்" என்ற கட்சியார் 1845-ல் பிரிந்து போய் சதர்ன் பாப்டிஸ்ட் சபையைக் கண்டார்களே, அது கிறிஸ்தவ சரித்திரம் இல்லையா? அந்தச் சபை அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது 1995-ல். ஒரு "தப்பு" என்ற வார்த்தையைச் சொல்ல 150 வருஷம் பிடித்தது!

நிற்க, இந்தப் பாடப் புஸ்தகங்களை அச்சிட்டு விற்பவர்களில் பெரியதான ஒரு ஸ்தாபனத்தையும் கவனிப்போம். பாப் ஜோன்ஸ் சர்வகலாசாலை என்பது தென் கரோலினாவில் இருக்கின்றது. அதன் அச்சகத்துப் புஸ்தகங்கள் வீட்டுப் பள்ளிக்காரர்களிடம் பெரிய செலாவணி உள்ளவை. அந்தச் சர்வகலாசாலை 1971 வரையில் கறுப்பு மக்களைச் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகும், வெள்ளைக்காரப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் காதலிக்கக் கூடாது என்று விதி வைத்து, அதற்குப் பைபிளையே ஆதாரம் காட்டிற்று. இதற்காகச் சர்க்கார் அதன் வரிச் சலுகையைப் பிடுங்கியது சரியே என்று 1983-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அப்படியும் அந்த விதியை அவர்கள் கைவிட்டது 2000-ம் வருஷத்தில்தான். இப்பேர்ப்பட்டவர்கள் அச்சிட்ட சரித்திரம் எவ்வளவு யோக்கியமாயிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை; கலிபோர்னியா சர்வகலாசாலை சொல்லியிருக்கின்றது. அந்த அச்சகத்து அமெரிக்க சரித்திரப் புஸ்தகத்தைக் கொண்டு ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் நடத்திய பாடத்தை அது ஏற்க மறுத்தது. மனிதர் செய்த காரியங்களுக்குக் காரணம் ஆராய்வதை விட்டு, எல்லாவற்றையும் தெய்வச் செயல் என்று சொல்லி விடுகின்றது என்பது அது காட்டிய காரணங்களில் ஒன்று. கிறிஸ்தவப் பள்ளிக்காரர்கள் 2005-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2008-ல் தோற்றார்கள், அப்பீலிலும் 2010-ல் தோற்றார்கள்.

இதற்கெல்லாம் அவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றே. "பிள்ளை எங்களுடையது, எங்கள் மதத்தை நாங்கள் கற்பிக்க எங்களுக்கு உரிமை உண்டு" என்கின்றார்கள். இதற்கு 1972-ம் வருஷத்து சுப்ரீம் கோர்ட்டு வழக்கு ஒன்றை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்ற ஆமிஷ் பிரிவாரின் பக்கம் அதில் தீர்ப்பாயிற்று. ஆனால், அதே வழக்கில் டக்ளஸ் என்னும் நீதிபதி ஓரளவு மாறுபட்டு எழுதியதை இவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பெற்றோர்கள் பேசினார்கள், சர்க்கார் பேசிற்று, பாழாகப் போவதோ பிழைக்கப் போவதோ பிள்ளையின் வாழ்வாயிற்றே, அந்தப் பிள்ளையை யாராவது கேட்டீர்களா என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். அதற்கு இன்று வரை ஒழுங்கான பதில் இல்லை. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை பிள்ளைகளின் உரிமைக்கென ஒரு ஒப்பந்தம் செய்தது. அதை அமெரிக்கா ஊர்ஜிதம் செய்யக் கூடாது என்று எதிர்த்து நிற்பவர்களில் வீட்டுப் பள்ளிச் சங்கத்தாரும் முக்கியமானவர்கள். பிள்ளைக்கு உரிமை என்றால் இவர்களுக்கு ஏன் இவ்வளவு திகில்?

இந்த ஆமிஷ்காரர்களின் பூர்வ சரித்திரம் இன்னும் வேடிக்கையானது. குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யக் கூடாது, வயது வந்து புத்தி தெரிந்து தானாகக் கேட்பவனுக்கே செய்ய வேண்டும் என்று 1525-ல் சுவிட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் சிலர் கிளம்பினார்கள். ஆமிஷ் பிரிவு அந்த மரபில் வந்ததே. அவர்களில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை, 1527 ஜனவரி 5-ந் தேதி கையைக் கட்டி ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். கொன்றவர்கள் போப்பின் ஆட்கள் அல்ல. போப்பை எதிர்த்துச் சீர்திருத்தம் பேசிய புராட்டஸ்டண்டுகளே! ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளையை மதத்தில் சேர்க்காதே, அது வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்று சொன்னதற்காக ஒரு மனிதன் உயிரை விட்டிருக்கின்றான். கிறிஸ்தவ சரித்திரத்திலேயே பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டென்றால் இதுதான் என்போம்.

வீட்டுப் பள்ளிக்காரர்களில் ஏராளமாய் இருக்கும் பாப்டிஸ்டுகளும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வதில்லை. தானே விசுவாசித்துக் கேட்கட்டும் என்று காத்திருக்கின்றார்கள். நல்லது. தலைமேல் தண்ணீர் படுவதற்குப் பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்கிறவர்கள், தலைக்குள்ளே மதத்தை ஏற்றுவதற்கு மட்டும் ஏன் அந்தச் சம்மதத்தை எதிர்பார்ப்பதில்லை? ஐந்து வயதில் கத்தரித்து, ஏழு வயதில் ஒட்டி, ஒன்பது வயதில் ஒப்பித்து, மறுபக்கத்தை ஒரு நாளும் காணாமல் வளர்ந்தவன் பதினைந்து வயதில் "நான் விசுவாசிக்கிறேன்" என்றால், அது அவன் பேச்சா, அந்தக் காகிதத்தின் பேச்சா?

"சர்க்கார் பள்ளிக்கூடத்தில் மாத்திரம் பொய் இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு, ஏராளமாய் உண்டு. ஆனால், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொன்ன பொய்யை இன்னொரு வாத்தியார் உடைக்கலாம். பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் யூதப் பிள்ளையோ, கறுப்புப் பிள்ளையோ, சாமியே இல்லை என்கிறவர் வீட்டுப் பிள்ளையோ ஒரு வார்த்தையில் உடைத்து விடலாம். வாத்தியாரும் தாயே, பரீட்சை செய்பவளும் தாயே, புஸ்தகம் தேர்ந்தவளும் தாயே, சாப்பாடு போடுகிறவளும் தாயே என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கும்? சந்தேகம் கேட்டால் தாயின் மனம் நோகுமே என்ற பயம் பிரம்படியை விடக் கொடியதல்லவா?

நம் வாசகர்கள் நன்கறிந்த இங்கர்சால் பிறந்ததும் இதே அமெரிக்காவில்தான். அதுவும் ஒரு பாதிரியின் வீட்டில்தான். பைபிளும் பிரசங்கமுமாக வளர்ந்த அந்தப் பிள்ளை, பிற்காலத்தில் மறுபக்கத்துப் புஸ்தகங்களையும் படித்ததனாலேயே உலகம் அறிந்த பகுத்தறிவாளரானார். மறுபக்கம் கண்ணில் படாதபடி வீட்டு வாசலை அடைத்து வைத்திருந்தால், இன்னொரு பாதிரிதான் மிஞ்சியிருப்பார்.

ஆகவே, கிறிஸ்தவ சரித்திரத்தைக் கற்பிக்காதே என்று நாம் சொல்லவில்லை. முழுவதையும் கற்பி என்றே சொல்லுகின்றோம். லூதரின் காகிதத்துக்குப் பக்கத்தில் 1543-ம் வருஷத்துப் புஸ்தகத்தின் பெயரையும் ஒட்டு. யாத்ரீகரின் தொப்பிக்குப் பக்கத்தில் மேரி டயரின் கயிற்றையும் வை. வில்பர்போர்சுக்குப் பக்கத்தில் 1845-ஐயும் எழுது. எழுதி விட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று பிள்ளையைக் கேள். அது "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொன்னால், அன்று இரவும் வழக்கம்போல் அன்போடு சோறு போடு. இதற்குச் சம்மதிக்கின்ற தாய் தகப்பன் எந்த மதத்தாரானாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை.

சம்மதிக்க மாட்டோம் என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். உங்கள் மதம் மெய்யானால், மறுபக்கத்தைக் கேட்ட மாத்திரத்தில் அது எங்கே ஓடிப் போய்விடும்? ஓடிப் போய்விடும் என்று உங்களுக்கே பயம் இருக்குமானால், அந்தச் சரக்கைப் பச்சைப் பிள்ளையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?